தவோங்காவின் மீன்தொட்டி

ஏரிக்கரை ஊரான நகாட்டா பேயில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. தோளில் கேமரா பை, கையில் முக்காலி.

என் தம்பி தவோங்கா, ஏரியில் முங்கி அலங்கார மீன் பிடிக்கிறவன். போன வாரம் முங்கியவன் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவன் உடுப்புகளைப் பெட்டியில் வைத்து மறுநாள் புதைத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

அவன் மனைவி லுசுங்கு வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெம்வா அண்ணி, சாப்பாடெல்லாம் அப்புறம். முதல்ல தொட்டியைப் போட்டோ எடுங்க."

"மீனையா? இப்பவா?"

"மீனை இல்ல."

தன் போனை நீட்டினாள். கறுப்புக்குள் ஒரு வெளிறிய தீற்றல், அவ்வளவுதான்.

"கரண்ட் போனப்ப எடுத்தது. இது அவருதான். மாமாகிட்ட காட்டினேன், போய்த் தூங்குமாங்கிறாரு. உங்க கேமராவுல தெளிவா விழும்ல? நாளைக்குப் பெட்டியை மூடிட்டா எல்லாம் முடிஞ்சிரும் அண்ணி."

நான் முசூசுவில் கல்யாணப் போட்டோ எடுப்பவள். தீற்றல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் மனசு அடங்கட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

கூடத்துச் சுவர் நீளத்துக்கு நின்றது தொட்டி. அவனே பிடித்து வந்த நீலமும் மஞ்சளுமான பாறை மீன்கள். அன்றும் கரண்ட் இல்லை. ஃப்ளாஷ் போட்டால் கண்ணாடி மட்டும்தான் தெரியும். திரைகளை இழுத்துவிட்டு, கேமராவை முக்காலியில் பொருத்தி, என் உருவம் கண்ணாடியில் விழாதபடி அதைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினேன். ஜன்னல் இடுக்கில் கசிந்த மழை வெளிச்சம் போதும். ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் இருட்டிலும் படம் சேரும். ஓடுகிற மீன்கள் கரைந்துபோகும். அசையாமல் நிற்பது மட்டும் விழும்.

முதல் படத்தில் கற்களும் மணலும்தான்.

அப்போதுதான் கவனித்தேன். மீன்கள் எல்லாம் ஒரே மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டிருந்தன. அறையில் ஆழத்துச் சேற்றின் வாடை.

ஷட்டரை இன்னும் அதிக நேரம் திறந்து வைத்தேன்.

கேமராவின் திரையில் என் தம்பியின் முகம் தெரிந்தது.

கற்களுக்கு நடுவே, கண் திறந்தபடி. நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

"சொன்னேன்ல?" லுசுங்கு அழுதுகொண்டே சிரித்தாள். "இன்னொண்ணு எடுங்க அண்ணி. இன்னொண்ணு!"

எடுத்தேன். எனக்கும் அவன் வேண்டியிருந்தது. அவசரத்தில் முக்காலியை இடித்துவிட்டேன், படம் கலங்கியது. மறுபடி எடுத்தேன். இம்முறை அவன் கண்ணாடியை ஒட்டி வந்திருந்தான். உள்ளங்கை எங்களை நோக்கி விரிந்திருந்தது.

"கூப்பிடுறாரு," என்றாள்.

"இல்லடி. வராதேங்கிறான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? என் புருஷன், எனக்குத் தெரியாதா?"

நின்றுபோன படத்தில் எது அழைப்பு, எது தடுப்பு? மறுபடி ஷட்டரைத் திறந்துவிட்டேன். அது திறந்திருந்த நேரமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் வந்ததும் அவன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அவன் தோளில் ஒரு கை இருந்தது.

அவனுடையதல்ல.

நீளமான, வெளுத்த விரல்கள். பின்னாலிருந்து பிடித்திருந்தன.

"லுசுங்கு, தள்ளி வா!"

அவள் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டிருந்தாள்.

"பிடிச்சிட்டேன் அண்ணி," என்று கிசுகிசுத்தாள். "கை எவ்வளவு ஜில்லுனு இருக்கு, பாவம்."

அவள் தலை குனிந்தது. நெற்றி தண்ணீரைத் தொட்டது. பிறகு மூக்கு.

ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டி இழுத்தேன். அசையவில்லை. எதிரே யாரோ அதே வலுவில் இழுத்தார்கள். அவள் வாயிலிருந்து குமிழிகள் வந்தன. ஒரு கையால் முக்காலியைக் கேமராவோடு எட்டி எடுத்து, என் பலத்தையெல்லாம் சேர்த்துக் கண்ணாடியில் அடித்தேன்.

தொட்டி உடைந்தது.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தொட்டி காலியான பிறகும் எங்கிருந்தோ வந்து, முழங்கால்வரை ஏறி, வாசல் வழியாக ஏரிப்பக்கம் போனது. அதோடு மீன்களும் போயின.

ஈரத் தரையில் கிடந்து லுசுங்கு என் நெஞ்சில் குத்தினாள்.

"இங்கதானே இருந்தாரு. போக விட்டுட்டீங்களே அண்ணி. உங்க தம்பிதானே!"

மறுநாள் பெட்டியைப் புதைத்தோம். நான் எடுத்த படங்களை யாருக்கும் காட்டவில்லை, அழித்தும்விடவில்லை. ஏரியே கண்ணில் படாத முசூசுவுக்கு அவளைக் கூட்டி வந்துவிட்டேன்.

அவள் பேசுவதில்லை. என்சிமாக் களியை உருட்டி வாயில் வைத்தால் விழுங்குகிறாள். வலது மணிக்கட்டில் விரல் பதிந்த பள்ளங்கள் இருந்தன. தினமும் காலையில் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன். இன்று நீவும்போது அவை முழங்கைக்கு அருகில் இருந்தன.

பயத்தில் அந்தப் பள்ளங்களை என் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்.

என் உள்ளங்கைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஜில்லென்ற விரல்கள் மெல்லப் பிடி மாற்றின.