தோள்மேல் ஒரு கை

"ஐயோ… யாராவது வாங்களேன்!"

காலை பதினொன்றே கால். தையல்காரி போட்ட அலறலில் வாசகசாலையின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

கழுவும் அறையில் ஸ்டுடியோக்காரர் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம்… கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தட்டு… தரையெல்லாம் வெள்ளம். பக்கத்தில், சுருண்ட படங்களை நிமிர்த்துவதற்காக மேலே வைக்கும் இரும்புக் கட்டி.

நல்லவேளை, மூச்சு இருந்தது!

ஊரில் வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் ஆகிறது. சேற்றில் ஊறிய குடும்பப் போட்டோக்களைக் கழுவி, காயவைத்து, கிழிசலை ஒட்டி, காசு வாங்காமல் வீட்டுக்காரர்களிடமே திருப்பிக் கொடுக்கும் தொண்டர்கள் இந்த வாசகசாலையில் வேலை செய்தார்கள். அறைக்குக் குறுக்கே கட்டிய கயிறுகளில் துணி கிளிப் மாட்டி, யார் யாருடைய மாமனார்களோ, மணமக்களோ, மொட்டைத்தலைக் குழந்தைகளோ தொங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்த்திருந்தும் ஒருவர்கூட சாட்சி சொல்ல வரப்போவதில்லை.

ஆம்புலன்ஸ் போனது. ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே விசாரித்தார். மற்ற தொண்டர்கள் எல்லோரும் படம் சேகரிக்கப் போயிருந்தார்கள். கட்டடத்தில் இருந்தது மூன்றே பேர். அடிபட்ட ஸ்டுடியோக்காரர், தூரிகையால் சேற்றை நீக்கும் தையல்காரி, கயிற்றில் படம் மாட்டும் பூட்டுக்காரர். பூட்டுக்காரர் தையல்காரியின் கணவர்.

அவர் தொண்டு செய்ய வந்தவர் அல்ல… காவல் காக்க வந்தவர்!

மனைவி இங்கே வர ஆரம்பித்த மூன்றாம் நாளே கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார். "உங்க கைக்கு என்ன பொறுமைம்மா!" என்று ஸ்டுடியோக்காரர் அவளைப் பாராட்டினால் போதும், அன்று மாலை வீட்டில் தட்டு பறக்கும். ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறக்கத் தெரிந்த மனிதருக்குச் சொந்த மனைவியின் மனசு மட்டும் இரும்புப் பெட்டியாகத் தெரிந்தது. பாவம், அது திறந்தேதான் கிடந்தது.

"நீங்க கழுவுற ரூம் பக்கமே போகலையா?" இன்ஸ்பெக்டரம்மா தும்மிக்கொண்டே கேட்டார்.

"போகலை மேடம். முன்னாடிதான் கிளிப் மாட்டிட்டிருந்தேன்."

"முழங்கால் வரைக்கும் பேன்ட் நனைஞ்சிருக்கே. உங்களுக்கு மட்டும் தனியா மழை பெஞ்சுதா?"

பூட்டுக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

பொய் அத்தோடு முடிந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பயம் இல்லை. பொறாமை பற்றி எரிந்தது.

"ஆமா, நான்தான் அடிச்சேன். ஏன்னு அந்த மேஜையில இருக்கிற போட்டோவைப் பார்த்துட்டுக் கேளுங்க."

கவிழ்த்து வைத்திருந்த படத்தை இன்ஸ்பெக்டரம்மா திருப்பினார்.

இளவயதுத் தையல்காரி. பக்கத்தில் ஓர் ஆண்! கோடு போட்ட சட்டை. அவன் கை, அவள் தோள்மேல் உரிமையோடு கிடந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் பழுப்புக் கறை.

பூட்டுக்காரர் கொட்டித் தீர்த்தார். நேற்று அவர் உள்ளே வந்ததும் ஸ்டுடியோக்காரர் இந்தப் படத்தைப் படக்கென்று கவிழ்த்தாராம். அதற்குள் தோள்மேல் கிடந்த கையை இவர் பார்த்துவிட்டாராம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லையாம். இன்று காலையில் ஸ்டுடியோக்காரரே தனியாகக் கூப்பிட்டாராம்.

"கூப்பிட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'ஒரு போட்டோ விஷயம். உங்க வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டாம்'னான். என் பொண்டாட்டி தோள்ல கையைப் போட்டுட்டு, என்கிட்டயே ரகசியம் பேசுறான். அதுக்கு மேல கேக்க எனக்குப் பொறுமை இல்ல."

தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பதினாலு வருஷக் குடித்தனம் ஒரே நிமிஷத்தில் நாறிப்போனதில் அவளுக்குக் கண் இருட்டியது.

"மேடம், இது நான் தனியா எடுத்துக்கிட்ட போட்டோ. கல்யாணம் பேசினப்ப இவருக்கு அனுப்பினது. இவர் அதைப் பத்திரமா ஒரு கவர்ல போட்டு அலமாரிக்கு அடியில வச்சிருந்திருக்கார். வெள்ளத்துல கவரோட ஊறிப்போச்சு. கவர் கிழிசல்ல, போட்டோவுக்குப் பின்பக்கம் என் கையெழுத்து தெரிஞ்சுது. இத்தனை வருஷமா வச்சிருந்தாரேன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம். இவருக்குத் தெரியாம சரிபண்ணி நீட்டலாம்னு பிரிக்காம அப்படியே குடுத்தேன்." குரல் உடைந்தது. "பக்கத்துல ஆளே இல்ல மேடம். ஒரு பூச்சாடிதான் இருந்துச்சு."

"பூச்சாடிக்குக் கை முளைச்சிருச்சாக்கும்," என்றார் பூட்டுக்காரர்.

அவள் படத்தையே பார்த்தாள். அழுகை நின்றது. ஆயிரம் சட்டை தைத்த கண் அது… சும்மா இருக்குமா?

"மேடம்… சட்டைப் பை வலது பக்கம் இருக்கு."

"இருந்தா?"

"ஆம்பளை சட்டைக்கு எந்தத் தையல்காரனும் அங்க பை வைக்க மாட்டான்."

டிர்ர்ரிங்…!

இன்ஸ்பெக்டரம்மாவின் போன். ஆஸ்பத்திரியிலிருந்து… ஸ்டுடியோக்காரருக்கு நினைவு திரும்பிவிட்டது!

ஸ்பீக்கரைப் போட்டார். ஸ்டுடியோக்காரர் ஈனக்குரலில், தான் வழுக்கி விழுந்ததாகவும் யார்மேலும் கேஸ் வேண்டாம் என்றும் சொன்னார். போட்டோவைப் பற்றிக் கேட்டதும் தலை வலிக்கிறது என்று பேச்சை மாற்றினார். இன்ஸ்பெக்டரம்மா விடவில்லை. வாயைத் திறக்காவிட்டால் ஒரு பொம்பளையின் பேர் கெடும் என்றார்.

மறுமுனையில் பெருமூச்சு.

"அந்தக் கவர்ல ரெண்டு போட்டோ இருந்துச்சுங்க. மூஞ்சியோட மூஞ்சி வச்சு. ஊறினதுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சப்ப, அதுல இருந்த ஆளோட சாயப் படலம் உரிஞ்சு இதுல வந்து உக்காந்துடுச்சு. அப்படி வந்தா இடம் வலமா மாறித்தான் வரும். கெட்ட நேரம், அவர் கை போய் இந்தம்மா தோள்மேல விழுந்திருக்கு."

"அந்த இன்னொரு போட்டோ எங்க?"

"கீழ் டிராயர்ல பூட்டி வச்சிருக்கேன். அதை அவர்கிட்டயே ரகசியமா குடுத்துடலாம்னுதான் கூப்பிட்டேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள…"

பூட்டுக்காரரின் முகம் வெளுத்தது. கவர்… ரெண்டு போட்டோ… பதினாலு வருஷமாக மறந்தே போயிருந்த ஒன்று இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது!

"திறங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "உங்க தொழில்தானே."

பூட்டுக்காரர் டிராயர் முன்னால் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் குடைந்தார். வியர்வையைத் துடைத்தார்.

"இது… ரொம்பக் கஷ்டமான பூட்டு மேடம். சாவி இல்லாம முடியாது."

"நகருங்க," என்றாள் தையல்காரி.

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். வளைத்தாள். நுழைத்தாள்.

க்ளிக்!

"இவர்கூட பதினாலு வருஷம் இருந்திருக்கேன் மேடம். இதுகூடக் கத்துக்கலைன்னா எப்படி?"

மை உறிஞ்சும் தாளுக்குள் அந்தப் போட்டோ இருந்தது. யாரோ ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கழுத்துக்குக் கீழே உரிந்துபோன வெள்ளைத் திட்டு. அதற்கு மேல், சேதாரமே இல்லாமல் ஒரு முகம் மட்டும் பல்லெல்லாம் தெரிய இளித்தது.

பூட்டுக்காரரின் முகம்!

மனைவியின் தோளில் கிடந்தது அவருடைய சொந்தக் கைதான். அந்தக் கைமேல் பொறாமைப்பட்டுத்தான் ஒரு மனிதரின் மண்டையை உடைத்திருந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி… எப்பவோ… கிழிக்க மனசு வரலை," என்று முனகினார். கவர் மேல் தன் பெயரை எழுதி, இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து வைத்தவர் அவரேதான்.

தையல்காரி அந்தப் பெண்ணை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் கணவர் வீட்டுக்குள் வளர்த்த பொறாமை, சத்தமில்லாமல் இடம் மாறி அவள் கண்ணில் வந்து உட்கார்ந்தது.

"இவளுக்கு ப்ளவுஸ் தச்சது யாரு? தோள்பட்டை ரெண்டு பக்கமும் இழுக்குது." கணவர் பக்கம் திரும்பினாள். "பேரு என்ன?"

பூட்டுக்காரர் இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"வீட்டுக்கு வாங்க. பேசிக்கலாம்." கைப்பையிலிருந்து துணி வெட்டும் கத்தரியை எடுத்து, துடைத்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா தும்மினார்.

"அடிபட்டவரே கேஸ் வேண்டாங்கறார். அதனால நீங்க வீட்டுக்குப்…"

"இல்ல மேடம். சட்டம்னு ஒண்ணு இருக்கு. நான் வர்றேன்."

ஜீப்பில் முதல் ஆளாக ஏறினார். ஸ்டேஷனிலும் யாரும் சொல்லாமலே லாக்கப்புக்குள் போய், கம்பிக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். கான்ஸ்டபிள் கொண்டுவந்த பூட்டைக் கம்பி வழியாக வாங்கி, தொழில்காரக் கண்ணோடு திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கவலையோடு தலையை ஆட்டினார்.

"இதைவிட நல்ல பூட்டா ஒண்ணு போடுங்க மேடம்… அவ தலையில இன்னும் நாலு ஹேர்பின் இருக்கு."