முதல் பலகை

முப்பத்தேழாம் வருஷம் பொங்கல் லீவுக்குக் கர்ணன் சின்னமனூர் வந்து இறங்கியபோது முகத்தில் களையே இல்லை. மதுரைக் காலேஜில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் நடுத்தர மார்க்குதான். கூடப் போன வடுகபட்டி பீட்டர்ராஜோ இண்டர்மீடியட் வகுப்பிலேயே முதல் ஆள். சந்தையில் பார்க்கிறவர்கள் எல்லாம், "பீட்டர்ராஜு எம்புட்டு மார்க்காம்?" என்று இவனிடமே விசாரித்தால் வயிறு எரியுமா எரியாதா?

"முழுப் பரீட்சையிலயும் இதே லட்சணம்னா, பேசாம ஏர் பிடிக்க வந்துரு" என்று அப்பா கோட்டைச்சாமி சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் மத்தியானம் சரித்திரப் புத்தகத்தோடு, ஊர்க்கோடியில் பாழடைந்து கிடந்த பழைய பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போனான். உள்ளே வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் நாறின. சின்ன வயதில் தான் உட்கார்ந்த முதல் பலகையைத் தூசி தட்டி உட்கார்ந்தான்.

உண்மையில் அது கூடப் படித்த சுருளியின் இடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. பதில் தெரியாதவன் எழுந்து, பதில் சொன்னவனுக்குத் தன் இடத்தை விட வேண்டும். சுருளியை ஒருத்தனாலும் எழுப்ப முடிந்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் மலைக்காய்ச்சல் வந்துதான் எழுப்பிக் கொண்டுபோனது. இரண்டாவதாக இருந்த கர்ணன் ஒரு பதிலும் சொல்லாமலே முதலிடத்துக்கு நகர்ந்தான்.

பொழுது சாயும்வரை சத்தம் போட்டு உருப்போட்டான். வெளியே காற்று நின்றுபோயிருந்தது.

"மூணாம் பானிபட் யுத்தம் நடந்தது... நடந்தது..."

"ஆயிரத்து எழுநூத்து அறுபத்தொண்ணு."

பின்னாலிருந்து சன்னமான ஒரு பையன் குரல்.

திரும்பிப் பார்த்தான். ஒருவருமில்லை.

ஓடியிருக்க வேண்டியதுதானே? ஐந்து வருஷப் பழக்கம், பாவி உடம்பு தானாக எழுந்து அடுத்த பலகைக்குத் தள்ளி உட்கார்ந்தது.

காலியான முதல் பலகை, யாரோ அமர்ந்ததுபோல் கிறீச்சிட்டது.

அப்புறம்தான் அவனுக்கு ஓடத் தோன்றியது. விழுந்தடித்து வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

"ஏலே கர்ணா, இம்புட்டு நேரம் எங்கனடா இருந்த?" அடுப்படியிலிருந்து அம்மா முருகம்மாள் கேட்டாள்.

வாசலில் நின்றபடி வாயைத் திறந்தான்.

"பழைய பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருந்தேன் ஆத்தா."

வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. கர்ணனின் குரலேதான்.

"சரி, கையக் கழுவிட்டு ஒக்காரு" என்றபடி வெளியே வந்தவள், வாசலில் நிழலாடுவதைக் கண்டு லாந்தரைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஆத்தா, நாந்தான்!" என்று கதறினான். வந்தது அந்தச் சன்னமான பையன் குரல்.

முருகம்மாளின் முகம் வெளிறிப்போனது.

"ஐயையோ! கர்ணா, வாசலுக்கு வராத! அந்தச் செத்துப்போன சுருளிடா!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. அவன் தட்டினான். சத்தமே எழவில்லை.

திருநீறு பூசி, அழுகை ஓய்ந்து, வீடு அடங்கிய பிறகு உள்ளே அவன் குரல் பாடம் படிக்க ஆரம்பித்தது. ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை.

"இப்பத்தான்டி எம்மகன் ஒழுங்காப் படிக்கிறான்" என்று கோட்டைச்சாமி பூரித்துச் சொன்னது வாசலில் நின்றவனுக்குத் தெளிவாகக் கேட்டது.