எடுக்காத படங்கள்

"அது விற்பனைக்கு இல்லீங்க... என்னோடது."

ரியோஹெய் திரும்பினான். ஒரு பெண். மழையில் நனைந்த முடி... சிரிக்கும் கண்கள். கையிலிருந்த குட்டிக் கேமராவை அவசரமாகக் கடைத் தட்டில் வைத்தான்.

ஒரு நொடிக்கு முன்புதான் அதன் பின்மூடியைத் திறந்திருந்தான். நகானோவின் பழைய கேமராக் கடைகளில் எல்லோரும் செய்வதுதான். உள்ளே வெளிச்சம் புகாமல் தடுக்கும் பஞ்சு இற்றிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் பிலிம் இருக்கிறதா என்று முதலில் மூடியின் சின்னச் சன்னலில் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. பிலிம் இருந்தது. வெளிச்சம் பட்டுவிட்டது; பட்டால் படங்கள் பாழ். பட்டென்று மூடினான். யாரும் பார்க்கவில்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இங்க வெச்சுட்டு பேட்டரி வாங்கிட்டு வர்றதுக்குள்ள தூக்கிட்டுப் போகப் பார்த்தீங்களா?" என்றாள். பெயர் மதோகாவாம்.

"இல்ல... தினமும் சட்டைப் பையில வெச்சுக்க ஒண்ணு தேடுறேன். வீட்ல இருக்கிறது பெருசு. வெளியவே வர்றதில்ல."

"கேமராவா, நீங்களா?"

அவன் காது சிவந்தது.

அவளே தேடித் தந்தாள். "இது கனம். இதுல லென்ஸ் அருமை... ஆனா பட்டனை அழுத்துனா யோசிச்சுதான் எடுக்கும். அதுக்குள்ள எதிர்ல இருக்கிறவங்க சிரிச்சு முடிச்சிடுவாங்க." மூன்றாவதை அவன் சட்டைப் பையில் போட்டே பார்த்தாள். "ம்... பொருந்துது."

நெஞ்சு சுட்டது. பாதி அவள் விரல் பட்டதால். மீதி குற்ற உணர்ச்சியால்.

"என் கேமரா பிலிம் ரோல்ல அப்பா இருக்காரு," என்றாள் அவள். " வருஷக்கணக்கா பேசாதவரு. போன வாரம் வந்து, ராமென் சாப்பிட்டுக்கிட்டே சிரிச்சாரு. இப்பவே கழுவக் குடுக்கப் போறேன்."

கடை வாசலில் விட்டிருந்த குடையை விரித்துப் போய்விட்டாள்.

சொன்னால் அந்தக் கண்கள் மாறிவிடும்... நின்றான். பிறகு ஓடினான். பிலிம் கழுவும் கடை வாசலில் பிடித்தான்.

"மதோகா, நில்லுங்க! நான்... உங்க கேமராவோட மூடியைத் திறந்துட்டேன். உடனே மூடிட்டேன். சொல்லல."

சிரிப்பு அணைந்தது.

"இவ்ளோ நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி பேசிட்டிருந்தீங்க..."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் தலைகுனிந்து மழையில் நின்றான். போகவில்லை.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். கையில் ஒரு படம். தாடையில் நூடுல்ஸ் ஒட்டியபடி ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கேமரா முதல்லயே பிலிம் முழுசையும் அதோட டப்பாவை விட்டு வெளிய இழுத்து வெச்சுக்குமாம். எடுக்க எடுக்க ஒவ்வொண்ணா டப்பாவுக்குள்ள போயிடுமாம். எனக்கே இப்பதான் தெரியும். எடுத்ததெல்லாம் பத்திரம். வீணானது எடுக்காததுதான்."

அவனுக்கு மூச்சு வந்தது. தலை மட்டும் நிமிரவில்லை.

"நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் நனைஞ்சுட்டு நிக்கிறீங்க?"

"மறைச்சுட்டுப் போயிருந்தா உங்க முகத்துல மறுபடி முழிச்சிருக்க முடியாது. எனக்கு உங்களைப் பார்க்கணும்... நாளைக்கும். அப்புறமும். உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் குடை மெல்ல அவன் பக்கம் சாய்ந்தது.

"எடுக்காத படமெல்லாம் இனிமே எடுத்துக்கலாம். புது ரோல் நீங்க வாங்குங்க." கண்கள் மறுபடி சிரித்தன. "மூடியை மட்டும் தொடாதீங்க."