உதடு மரத்த நாளின் இறுதி ஆட்டம்

காபிக் கோப்பை உதட்டைத் தொடப் போன நேரம்... யாரோ ஒருவன் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறை, மதிய நேரம். ராத்திரி முழுக்கப் பாடாய்ப் படுத்திய கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் முடித்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள் அவள். வலது பாதி முகம் யாருடையதோ போல மரத்துக் கிடந்தது. கோபமாக நிமிர்ந்தாள்... நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

அவன். எல்லாரும் நெட்டை என்று கூப்பிடும் அந்தக் கால்பந்து கோல்கீப்பர். போன வருஷம் அரையிறுதியில், அவள் தீர்ப்பை எதிர்த்து வாயாடியதற்காகச் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவன். அவள் நடுவர். இன்று மாலை இறுதி ஆட்டத்தில் விசில் ஊதப் போகிற முதல் பெண். ஆடப் போகிற இரண்டு அணிகளில் ஒன்று அவனுடையது.

“உதடு மரத்திருக்கு மேடம். சூடு தெரியாது. வெந்த பிறகுதான் தெரியும்” என்று தன் கீழுதட்டைக் காட்டினான். ஆறிவரும் கொப்புளம். போன வாரம் இதே அறையில், இதே காபியாம். இன்று அந்தப் பல்லுக்கு உறை போட்டுக்கொண்டு கிளம்புகிறானாம்.

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தது என்னவோ வேறு பாஷை. அவன் உதடு சிரிக்கவில்லை... கண்கள் சிரித்தன. மழைக்கு முந்தைய வானம் போல இருண்டு குளிர்ந்த கண்கள். சே, இதையெல்லாம் நான் ஏன் பார்க்கிறேன்...

கேட்காமலேயே பாடம் நடத்தினான். மரப்பு விடும் முன்பே ஆறின கஞ்சி எதையாவது குடித்து, டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தில் வைத்து வைத்து எடுக்க வேண்டும். ரெண்டு மூணு நாள் விண்ணென்று தெறிக்கும், பயப்பட வேண்டாமாம்.

பயமா... எனக்கா? முறைத்தபடி பையிலிருந்து விசிலை எடுத்து ஊதிக் காட்டினாள்.

புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

அவளுக்குத் திக்கென்றது. விசில் ஊத முடியாத நடுவரை மைதானத்துக்குள் யார் விடுவார்கள்? இவன் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை வருஷ உழைப்பும் போச்சு.

“போய்ச் சொல்லுங்க” என்றாள் குழறலாக. “பழி தீர்த்துக்க நல்ல சந்தர்ப்பம்.”

அவன் முகம் சுருங்கியது. “நான் நிறைய கோல் வாங்கியிருக்கேன் மேடம். ஆனா யாரைப் பத்தியும் முதுகுக்குப் பின்னாடி பேசினதில்ல.”

வெளியே பிடித்திருந்த மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

வீட்டில் அண்ணி ஐஸ் வைத்துவிட்டாள். உனக்கு மாப்பிள்ளை பார்க்கிறதுக்கு முன்னால் அந்தச் சிவப்பு அட்டையைப் பரண்மேல் போடணும்டி என்று வழக்கமான கேலி வேறு. இவள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, இடது கடைவாயில் விசிலை வைத்து ஊதினாள்... ஊதினாள்... கூர்மையாய் ஒரு சத்தம் பிறக்கும்வரை ஊதினாள்.

மைதானத்தில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவன் சொல்லவில்லை. தூறலில் இருவர் கண்ணும் ஒருமுறை சந்தித்து, சட்டென்று விலகின.

இரண்டாம் பாதியில் மரப்பு விட்டது. வலி காதுவரை துளைத்தது. ஓட்டம் குறையவில்லை, தலை தாழவில்லை... பார்த்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியப் போகும் நேரம், பாய்ந்து வந்த எதிரணிக்காரனின் காலைத் தட்டி விழவைத்தான் அவன். பெனால்டி. சந்தேகமே இல்லை.

ஊதாதே என்றது மனசு. பல்லுக்காகச் சொல்லவில்லை அது.

ஊதினாள். உச்சந்தலைவரை மின்னல் வெட்டியது.

போன வருஷத்து நெட்டையாக இருந்தால் ஓடிவந்து கத்தியிருப்பான். இவன் சேற்றிலிருந்து எழுந்தான், விழுந்தவனைத் தூக்கிவிட்டான், கோட்டில் போய் நின்றான். பந்து வலைக்குள் போனது. அவன் அணி தோற்றது.

உடை மாற்றும் அறைக்கு வெளியே, சுவரில் சாய்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம்... அவன்.

“வலிக்குதா?”

“இல்ல.”

அவன் நகரவில்லை.

“...ரொம்ப வலிக்குது.” இதை அவள் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

“போன வருஷமும் நீங்க சொன்னதுதான் சரி. ஒத்துக்க எனக்கு இத்தனை நாளாச்சு” என்றவன் திரும்பினான்.

“நில்லுங்க. இனிமே உங்க டீம் மேட்ச் எதுக்கும் என்னைப் போடாதீங்கன்னு சங்கத்துல சொல்லப் போறேன்.”

அவன் முகம் விழுந்துவிட்டது. “அவ்வளவு கோபமா?”

“விசில் ஊதுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் தயங்கினேன். நான் யாருக்காகவும் தயங்கினவ இல்ல.” தாடை தெறிக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “உங்க விஷயத்துல இனிமே நான் நடுவரா இருக்க முடியாது... உங்க பக்கம் வந்துட்டேன்.”

தலை நிமிர்ந்தேதான் சொன்னாள்.