தான்சானியாவுக்குப் போன ஆறு

வறண்ட ஆற்றின் நடுவில் மோஹா குப்புறக் கிடந்தான்.

காலை ஒன்பது மணிக்கு ஆடு மேய்க்க வந்த ஒருத்தி பார்த்தாள். கத்தவில்லை. ஆடுகளை வேறு பக்கம் திருப்பிவிட்டு, காவல் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.

மோஹா கிணறு வெட்டுகிறவன். நாற்பத்தெட்டு வயது. சட்டைப்பையில் பாதி ரொட்டி, நாலு பேரீச்சை. போன் இல்லை.

"மேட்டுல இருந்து கால் வழுக்கியிருக்கும்" என்றார்கள்.

குப்புற விழுந்தவனுக்குப் பின்மண்டையில் எப்படி அடி?

மதியம் இரண்டு பத்து.

நிலையத்தில் மூன்று பேர். நிலையத் தலைவர் ஹம்மு; அஜுதான் என்பது அவர் பதவி. நகராட்சியில் வெள்ள வரைபடம் பார்க்கும் தூதா. பிணம் கிடந்த இடத்தை அளந்து தர வந்த நில அளவையாளர் பென்னாசர். அந்த ஊருக்கு அவர் ஒருவர்தான் அளவையாளர்.

புதினா டீ ஆறிக்கொண்டிருந்தது.

தூதா மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள்.

"அஜுதான், இதைக் கொஞ்சம் பாருங்க. பழைய வெள்ளமெல்லாம் எதுவரைக்கும் ஏறிச்சுன்னு மோஹாதான் நடந்து நடந்து குறிச்சாரு. கிணறு வெட்டுற இடத்துல அடியில ஆத்து வண்டல் வந்தா, அங்க நின்னு போனை ஒரு அழுத்து. புள்ளி விழும். அப்படி ரெண்டு வருஷமாப் போட்ட கோடு. இன்டர்நெட்ல யார் வேணா பார்க்கலாம்."

"சரி. அதுக்கென்ன?"

"மலையில காலையில இருந்து மழை. மூணு மணிக்கு எச்சரிக்கை போகும். கோட்டுக்குள்ள இருக்கிற போனுக்கு மட்டும்தான் போகும்."

"போகட்டுமே."

"கோட்டைக் காணோம்."

ஹம்மு கண்ணாடியை மாட்டினார். ஆற்று வளைவில் முந்நூறு வீடு. சுற்றிலும் வெறும் பழுப்பு நிறம். வெள்ளக் கோட்டின் நீலமே இல்லை.

"அழிச்சுட்டாங்களா?"

"மாத்தியிருக்காங்க. மோஹா பேர்ல. இன்னைக்குக் காலையில பத்தே காலுக்கு."

"பிணத்தை ஒன்பது மணிக்கே பார்த்தாச்சேம்மா."

"அதைத்தான் சொல்றேன்."

தூதாவின் தங்கை இஸ்ஸா அந்த வளைவில்தான் இருக்கிறாள். கைக்குழந்தைக்கு இருபது நாள். வெள்ளம் வருமென்று மூன்று முறை போனில் சொல்லிவிட்டாள் தூதா. 'வெயில் கொளுத்துது, உனக்கு வேற வேலை இல்லையாக்கா' என்று தங்கை வைத்துவிட்டாள்.

"பழைய கோட்டைத் திருப்பிப் போட முடியாதா?"

"பழசு அப்படியே அடியில இருக்கு. எதுவும் அழியாது. ஆனா கோட்டை நடந்து போட்டவர் அவர் போன்ல இருந்து சம்மதிச்சாத்தான் மேல வரும். கண்டவன் மாத்திடக் கூடாதுன்னு வச்ச விதி."

"செத்தவன் எப்படிம்மா சம்மதிப்பான்?"

"போன் கிடைச்சாப் போதும்."

பென்னாசர் தொண்டையைச் செருமினார். அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்ணை 'லாலா' என்பார்கள், ஆணை 'சி' என்பார்கள். "லாலா தூதா, மோஹாவே நேத்து மாத்தி, இன்னைக்கு நெட்ல ஏறியிருக்கலாம். அவசரப்பட வேண்டாம். திங்கக்கிழமை கமிட்டில வைப்போம்."

"ஆறு திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்குமா, சி பென்னாசர்?"

"புதுக் கோடு எங்க போச்சுன்னு சொல்லலியே நீ" என்றார் ஹம்மு.

தூதா படத்தைச் சுருக்கினாள். இன்னும் சுருக்கினாள். ஆப்பிரிக்கா முழுவதும் திரையில் வந்தது. மேலே, இடது மூலையில் அவர்கள் ஊர். கீழே, வலது பக்கம், மெல்லிய நீலக் கீறல்.

"தான்சானியா."

"நம்ம ஆறா?"

"நம்ம ஆறுதான். கிழக்கு மேற்கு எண்ணையும் வடக்கு தெற்கு எண்ணையும் இடம் மாத்திப் போட்டா அங்கதான் போய் விழும். மோஹா எண்ணே அடிக்க மாட்டாரு. நடப்பாரு, அழுத்துவாரு. இது யாரோ உட்கார்ந்து அடிச்சது."

ஹம்மு மீசையைத் தடவினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

"சி பென்னாசர், ரிப்போர்ட்டுக்கு வேணும். பிணம் கிடந்த இடத்தோட எண்ணு ரெண்டையும் எழுதிக் குடுங்க."

பென்னாசர் எழுதினார். முப்பது வருடப் பழக்கம். கை நிற்கவில்லை.

தூதா தாளைப் பார்த்தாள்.

"கிழக்கு மேற்கை முதல்ல எழுதியிருக்கீங்க."

"அளவைப் புத்தகத்துல அப்படித்தான் எழுதுவோம்."

"இந்தப் படம் வடக்கை முதல்ல கேட்கும். இதை அப்படியே அடிச்சா..."

"பிணமும் தான்சானியாவுக்குப் போயிடும்" என்றார் ஹம்மு. "பையைத் திறங்க."

பென்னாசர் மறுக்கவில்லை. தானே திறந்தார். அளவு நாடாவுக்குக் கீழே மோஹாவின் போன். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

இரண்டு ஐம்பத்திரண்டு.

தூதா போனை எடுத்தாள். பூட்டு இல்லை. பழைய கோட்டைத் தேடினாள். அழுத்தினாள்.

செத்தவன் சம்மதித்தான்.

"ஏன் சி பென்னாசர்?" ஹம்முவின் குரலில் கோபம் இல்லை. தூக்கம் இல்லாதவனின் குரல்.

"பதினோரு வருஷம் முன்னாடி அந்த வளைவை மேட்டு நிலம்னு கையெழுத்துப் போட்டேன். போய்ப் பார்க்கலை. அதை நம்பித்தான் முந்நூறு வீடு வந்துச்சு. அன்னைக்கு வெயில்." டீயைக் குடித்தார். "மோஹா நேத்து ஆத்துல என்கிட்ட வந்து, 'நீங்களே திருத்திடுங்க, நான் யார்கிட்டயும் சொல்லலை'ன்னான். உலகமே பார்க்கிற படத்துல ஏத்திட்டு, சொல்லலையாம்."

"அதுக்காக?"

"கல்லு கையில இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஹம்மு விலங்கு மாட்டினார். பென்னாசர் கையை ஒழுங்காக நீட்டினார்.

மூன்று மணி.

தூதாவின் போன் அடித்தது. இஸ்ஸா.

"அக்கா, மெசேஜ் வந்திருச்சு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் வந்திருக்கு. பிள்ளையைத் தூக்கிட்டு மேல ஏறிக்கிட்டிருக்கோம். நீ ஏன் கத்த மாட்டேங்கிற, சும்மா இருக்க?"

"ஒண்ணுமில்ல. ஏறு."

தூதா வைத்தாள்.

அப்போது ஹம்முவின் போன் கூவியது.

அடுத்து பென்னாசரின் போன், தூதாவின் போன். அடுத்து, மேசையில் கிடந்த மோஹாவின் போன்.

ஹம்மு படித்தார். 'நீங்கள் வெள்ளப் பகுதிக்குள் இருக்கிறீர்கள். உடனே மேட்டுக்குச் செல்லுங்கள்.'

"தப்பா வந்திருக்கா?"

தூதா திரையைப் பெரிதாக்கினாள். மோஹாவின் நீலக் கோடு வளைவைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, நிலையத்தின் பின்சுவருக்கும் அந்தப் பக்கம் போயிருந்தது.

"இல்ல அஜுதான். இங்க ஆள் உயரத்துக்குத் தண்ணி நிக்கும்."

"இந்தக் கட்டடத்துக்கு இடம் அளந்தது யாரு?"

பென்னாசர் டீக் குவளையின் அடியைப் பார்த்தார்.

வடக்கே மலைப் பக்கம் ஆற்று வெள்ளத்தில் கல் உருளும் சத்தம் கேட்டது... முதலில் லேசாக.

ஹம்மு துப்பாக்கியை எடுத்தார். வழக்குக் காகிதங்களை எடுத்தார். கைதியின் தோளில் கை போட்டு வாசலுக்குத் தள்ளினார்.

"கைதி ஓடி நிறையப் பார்த்திருக்கேன், சி பென்னாசர். கைதியையும் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனே ஓடுறது இதுதான் முதல் தடவை."