வங்குக்குள் கிடந்த பல்

"எங்கண்ணனைத் தேடி எறங்குனீங்க... ஒரு கல்லைத் தூக்கிட்டு வந்து நிக்கறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

கிணற்று மேட்டில் நின்று அப்படிக் கேட்டவள் சௌந்திரம். கேட்க வைத்தவன் தண்ணீர் சொட்டச் சொட்ட எதிரே நின்றான். காளியப்பன் என்று பெயர். மோகனூர்க் காவிரிக்கரைக்காரன். ஆற்றிலும் கிணற்றிலும் போனவர்களை முங்கி எடுத்துக் கொடுப்பது அவன் தொழில்.

அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். தண்ணீருக்குள் விழித்தே சிவந்து போன கண்கள்... அழகான கண்கள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டு, அண்ணன் கிணற்றில் கிடக்கும்போது இதென்ன நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"கல்லு இல்லீங்க அம்மணி," என்றான் அவன் மெதுவாக. "பல்லு."

இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய கனம். மேலே கொத்திய அம்மியைப் போல வரி வரியாக இருந்தது. அடியில் பல்லுக்கு இருப்பது போலவே வேர்கள். கூடியிருந்த சனம் ஓரடி பின்னால் போயிற்று.

நடந்தது இதுதான். மாட்டைப் பூட்டிக் கவலை இறைக்கும்போது கயிறு அறுந்து, தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் போய்விட்டது. அதை எடுக்க முங்கினான் அண்ணன் சின்னுசாமி. சாலும் வரவில்லை, அவனும் வரவில்லை. ஐப்பசி மழையில் கிணறு முக்கால் நிறைந்து கிடந்தது, இறைத்து வற்ற வைக்க வழியில்லை. அடியில் பக்கவாட்டில் ஒரு வங்கு. மண் அரித்துக் குகை போல உள்ளே போகிற பொந்து. அதற்குள் கையை விட்ட காளியப்பனுக்குக் கிடைத்தது இந்தப் பல்.

"முனியப்பன் பல்லுடா இது!" பெரியப்பா சென்னியப்பன் குரல் நடுங்கியது. "பையனைக் காவு வாங்கிப் போட்டான். இனி ஒருத்தனும் எறங்கப்படாது. நாளைக்கு விடிஞ்சதும் வண்டி வண்டியாக் கல்லைக் கொட்டிக் கெணத்தை மூடிப்போடோணும்!"

சௌந்திரம் கிணற்றை எட்டிப் பார்த்தாள். மூடுவதா? அண்ணனை உள்ளே வைத்தா? ஒரு கை நெருப்பு இல்லாமல், வாய்க்கரிசி இல்லாமல், கல்லுக்கு அடியிலேயே கிடப்பானா அவன்?

அப்பா இல்லாத வீடு. பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். அம்மா ஆத்தாயி வாசலில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். காளியப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில், "வாரேனுங்க," என்றான்.

ஆத்தாயி தலையைத் தூக்கினாள். "எழவு ஊட்டுல வாரேங்காதே சாமி... வாரேன்னு போன என்ற பையனே இன்னம் வரக்காணோம்."

அவன் முகம் செத்துப் போயிற்று. தலையைக் குனிந்தபடி போய்விட்டான்.

சாயங்காலம் மழை வலுத்தது. சௌந்திரம் அந்தப் பல்லைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் புதுச்சத்திரத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் காளியப்பனை வைதுகொண்டே நடந்தாள். ஆனால் சத்திரத்துத் தாழ்வாரத்தில் அவன் நிற்பதைக் கண்டதும் வசவெல்லாம் மழையோடு போன மாதிரி நெஞ்சு காலியாகிவிட்டது...

"பஸ்ஸுக்கு வந்தீங்களா அம்மணி? இன்னிக்கு வராதாமுங்க. கரியெல்லாம் நனைஞ்சு போச்சாம்." யுத்த காலம். பெட்ரோல் ஏது? கரியில் ஓடுகிற பஸ்தான்.

"நான் பஸ்ஸுக்கு வரலீங்க. உங்களுக்குத்தான் வந்தேன்." சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவசரமாகத் தொடர்ந்தாள். "இன்னொருக்கா எறங்கோணும்."

"உங்க பெரியப்பா வேண்டாம்னுட்டாருங்களே."

"அவருக்குப் பயம். உங்களுக்கென்ன?"

"காளியப்பனுக்குப் பயமா?" சிரித்தான். "காவிரி வெள்ளத்துலயே முங்குனவனுங்க நான்."

அவள் சாக்கை அவிழ்த்துப் பல்லை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் வெடுக்கென்று பின்வாங்கினான்.

"பயந்தானுங்க," என்றான் கடைசியில். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவன் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது. "செத்தவங்களைத் தொட்டுப் பழகுன கையிங்க இது. ஆனா அந்த இருட்டுல... ஏதோ ஒண்ணு வாயைத் தொறந்து வெச்சுருக்குது, அதுக்குள்ள கையை உட்டுட்டேன்னு ஆயிப்போச்சு. அதுக்கப்புறம் உள்ள போகலீங்க. உங்கண்ணன் அங்கதான் இருந்திருப்பாரு. நான் திரும்பிட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை பேர் நடுவே பொய் சொல்லாத ஒரே ஆள் இவன்தான் என்று தோன்றியது.

சத்திரத்தை ஒட்டிய புளியமரத்தடியில், ஊர் ஊராய்ப் போகும் ஒரு யானை மழைக்கு ஒதுங்கி நின்றது. பாகன் வாழைமட்டையை ஊட்டினான். யானை வாயைத் திறந்தது. சௌந்திரத்தின் கண்கள் அப்படியே நிலைத்தன. உள்ளே, கடைவாயில்... வரி வரியாக!

"ஏனுங்க... அங்க பாருங்க!"

வாய்க்குள் தொட்டுப் பார்க்கக் கேட்டதற்குப் பாகன் முதலில் மறுத்தான். அவள் நீட்டிய பல்லைக் கையில் வாங்கிப் பார்த்ததும் சம்மதித்தான். தும்பிக்கையைத் தூக்கச் சொல்லி, "சட்டுனு தொட்டுட்டுக் கையை எடுத்துப்போடோணும்," என்று எச்சரித்தான்.

காளியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். இருட்டில்தான் அவன் கைக்குப் பார்வை. யானையின் வாய்க்குள் விரல் போயிற்று. மறுகணம் கையை எடுத்தவன் சிரித்தான். குழந்தை சிரிப்பது போல.

"அதே வரிங்க அம்மணி! அதேதான்!"

"ஆனைப் பல்லேதான்," என்றான் பாகன். "ஆனா எங்க ஆனைக்கு இத்தாச்சோடு பெருசா இல்லை. கல்லாவே போயிருக்குதே!"

காளியப்பன் யோசித்தான். "வங்குக்குள்ள பூராவும் வழவழன்னு கூழாங்கல்லுங்க. ஆத்துக்கல்லு. ஒரு காலத்துல அந்த வழியா ஆறு ஓடியிருக்கோணும். அதுல செத்த ஆனையை மண்ணு மூடியிருக்கோணும். கெணறு வெட்டறதுக்கு எத்தனையோ காலம் முந்தி."

"பாவம்," என்றாள் சௌந்திரம். "அதையும் ஆரும் எடுக்க வரலையாட்ட இருக்குது."

அவன் அவளையே பார்த்தான். "உங்கண்ணனை எடுத்துத் தர்றேனுங்க," என்றான்.

விடியும்போது கல் வண்டிகள் கிணற்று மேட்டில் நின்றன. வண்டிகளுக்கு எதிரே யானையும் நின்றது! பெரியப்பாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பாகன் யானையின் வாயைத் திறந்து காட்ட, சௌந்திரம் அந்தப் பல்லை அதன் பக்கத்தில் பிடித்தாள். பெரியப்பா எட்டிப் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார். மறுபடி எட்டிப் பார்த்தார்.

"செரி... எறங்கச் சொல்லு," என்றார் தரையைப் பார்த்து.

கயிற்றின் ஒரு முனை காளியப்பன் இடுப்பில். மறுமுனையை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று சௌந்திரமே பிடித்துக்கொண்டாள். முதல் முங்கில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் நேரம் போனது... போய்க்கொண்டே இருந்தது. 'முருகா, இவனையும் எடுத்துக்காதே' என்று மனசு கதறியது. அண்ணனுக்காக அழுததை விட அதிகமாக அந்த நேரத்தில் அவனுக்காகத்தான் அழுதாள். வெட்கமாக இருந்தது, ஆனால் அது உண்மை.

கயிறு அசைந்தது.

சாலின் கயிறு காலில் சுற்றி வங்குக்குள் சிக்கிக் கிடந்திருக்கிறான் சின்னுசாமி. மேலே கொண்டுவந்ததும் காளியப்பன் முதலில் செய்தது, தன் துண்டால் அந்த முகத்தை மூடியதுதான். பெற்றவள் அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது. ஆத்தாயி மகனின் பாதத்தை மட்டும் தொட்டு, மடியில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

தூறலிலேயே சிதை எரிந்தது. குளித்துவிட்டு வந்த காளியப்பனை வாசலிலேயே மறித்தார் பெரியப்பா. "வந்த வேலை முடிஞ்சுதல்ல? பொணம் தூக்கறவன் இங்கென்ன நிக்கறது?"

அவன் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தான். சௌந்திரம் எல்லார் முன்னாலும் ஓடிப் போய்த் தடத்தில் நின்றாள்.

"ஏனுங்க... சொல்லாமயே போறீங்க?"

"இந்த ஊட்டுல சொல்லப்படாதுங்களே அம்மணி."

"மனசுல இருக்கறதையாவது சொல்லலாமல்ல?"

மழைத்துளி அவள் இமையில் நின்றது. அவன் அதையே பார்த்தான். "பொணம் எடுக்கறவன் கையை ஆருங்க புடிப்பாங்க? அதனால ஆரையும் நெனைச்சதில்லீங்க. நேத்துலருந்து... உங்களை மட்டுந்தான் நெனைக்கறேன்."

"எங்கண்ணனைத் தொட்டுத் தூக்குன கையிங்க அது," என்றாள் அவள். "அந்தக் கையை நான் புடிப்பேன். எம்பட மனசும் அதுதானுங்க."

"கருமாதி முடியட்டும் அம்மணி... வாரேன்."

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வாசல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அடேய்!" என்று பெரியப்பா கையை ஓங்கினார்.

ஆத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வா சாமி," என்றாள்.