முயலக்காவின் குரல்

மத்தியான வெயிலில் ஷட்டரைத் தூக்கியதும் பழைய எண்ணெய் வாடையும் ஈரத் துணி வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டான். அவனுடைய அத்தான், அந்த உணவகத்தின் முதலாளி, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீ போ மச்சான். நான் இங்கயே இருக்கேன்."

"தனியாத் தூக்க முடியாது அத்தான். வாங்க."

ஒரு காலத்தில் இங்கே நிற்கக்கூட இடம் கிடைக்காது. மேடையில் கரடி டிரம் அடிக்கும், நரி கிடார் மீட்டும், நடுவில் முயல் பாடும். எல்லாம் மெக்கானிக் செய்த இயந்திரப் பொம்மைகள். முயலுக்குக் குரல் கொடுத்தது அவனுடைய அக்கா. பிறந்தநாள் பாட்டைப் பதிவு செய்தபோது அடக்க முடியாமல் நடுவில் களுக்கென்று சிரித்துவிட்டாள். அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த இடம் வந்ததும் கூடமே சேர்ந்து சிரிக்கும். பிள்ளைகள் முயலை 'முயலக்கா' என்றே கூப்பிட்டார்கள். வந்த கூட்டத்துக்கு இடம் போதாமல் அத்தான் பக்கத்துக் கடையையும் வாங்கிச் சுவரை இடித்தார்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. பிறந்தநாள் பிள்ளைகளுக்குக் கேக் ஊட்டுவதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் முயல் பாடியது. ஆனால், சிரிக்கவில்லை. அந்த இடம் வந்ததும் பெருமூச்சு விட்டது. மெக்கானிக் பதிவை மாற்றினான், ஸ்பீக்கரை மாற்றினான். மூச்சு போகவில்லை.

ஒருநாள் விருந்துக்கு வந்த சிறுமியைக் காணவில்லை. கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. கடைசியில் மேடைத் திரைக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். முயலின் இரும்புக் கைகள் அவளை வளைத்துப் பூட்டியிருந்தன. ஸ்பேனர் போட்டுத்தான் பிரிக்க முடிந்தது.

"அக்கா விடமாட்டேங்குறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அத்தோடு கூட்டம் நின்றது. கரடி காலி நாற்காலிகளுக்கு டிரம் அடித்தது. பிறகு அத்தான் பூட்டுப் போட்டார்.

இப்போது கட்டிடம் கைமாறிவிட்டது. மழலையர் பள்ளி வரப்போகிறது. பொம்மைகளை அகற்றியாக வேண்டும்.

கரடியும் நரியும் முரண்டு பிடிக்காமல் வண்டியேறின. மெக்கானிக் முயலின் தோளில் ஸ்பேனரை வைத்து ஒரு சுற்று திருப்பினான்.

மூச்சுச் சத்தம்.

கட்டிடத்தில் மின்சாரமே இல்லை.

"தம்பி... வலிக்குதுடா."

ஸ்பேனர் கைநழுவி விழுந்தது. அத்தான் தள்ளாடியபடி மேடையேறி, தூசி படிந்த அந்த ரோமக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா," என்று கிசுகிசுத்தார். "போயிடு. இங்க இனிமே குழந்தைங்க வரப்போகுதுங்க. நிறைய, தினமும்..."

மூச்சு சட்டென்று நின்றது.

மேடையின் இருட்டில், மிகப் பக்கத்தில், களுக்கென்று ஒரு சிரிப்பு.

"ஐயோ, என்ன அத்தான் சொல்லிட்டீங்க!" என்றான் மெக்கானிக். அத்தான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அன்றே முயலைப் பழைய இரும்புக் கிடங்குக்குக் கொண்டுபோய், கண்ணெதிரிலேயே தகடாக நசுக்க வைத்தார்கள். அது ஒரு சத்தமும் போடவில்லை. பாரம் இறங்கியதென்று இருவரும் வீடு திரும்பினார்கள்.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் மின்விசிறி ஓடவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். மனசே இல்லாமல்தான் போனான். மதிய நேரம். டீச்சர் உதட்டில் விரல் வைத்து வரவேற்றாள்.

"சத்தம் போடாதீங்க. என்ன மாயமோ தெரியல, ஒண்ணுகூட அடம்பிடிக்கறதில்ல. படுத்ததும் தூங்கிடுதுங்க."

பாய்களில் குழந்தைகள் வரிசையாகத் தூங்கினார்கள். சுவரோரம் படுத்திருந்த குழந்தையைப் பார்த்தான். தலையணை இல்லை. ஆனால், அதன் தலை பாயைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில், எதன் மேலோ சாய்ந்தபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

காற்று கொஞ்சமும் இல்லாத அந்த அறையில், நெற்றியில் விழுந்திருந்த அதன் முடி மட்டும், யாரோ கோதிவிடுவதுபோல், மெல்ல மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.